உறுமாத டயர் எது?

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே இருக்கிறது அனுப்பம்பட்டு. சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயில் நின்று போகும் சின்ன ஊர். இதைச் சுற்றி ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் போதும், தமிழ்நாட்டில் இருக்கிற அத்தனை வகைச் சாலையும் சக்கரத்துக்கு அடியில் வந்து போய்விடும். மேற்கே தச்சூர் பக்கம் ஏறினால் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. தெற்கே மீஞ்சூரில் வண்டலூர் வெளிவட்டச் சாலை வந்து முடிகிறது. கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட வழி. வடக்கே பொன்னேரியில் திரும்பினால் பழவேற்காடு ஏரிக்குப் போகிற ரோடு. அதற்குப் பிறகு மீனவர் குப்பங்களுக்குள் பிரியும் மணல் படிந்த குறுகலான சாலைகள்.

துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்கள், கால் டாக்சி ஓட்டுபவர்கள், குடும்பத்தோடு ஏரியைப் பார்க்க வருகிறவர்கள், குளிர்காலத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்கள் என்று இந்த வழியில் கார்கள் பெருகிவிட்டன. கூடவே ஒரு கேள்வியும் பெருகியிருக்கிறது. “வண்டி நல்லாத்தான் ஓடுது, ஆனா உள்ள ஒரே இரைச்சல். பள்ளத்துல விழுந்தா முதுகு வரைக்கும் அடிக்குது. எந்த டயர் போட்டா சரியாகும்?”

கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனியின் பெயரை. அதைச் சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன: டயரின் அளவு என்ன, உள்ளே காற்று எவ்வளவு, எத்தனை வருடமாக ஓடுகிறது, எப்படித் தேய்ந்திருக்கிறது? இவற்றுக்குப் பதில் தெரியாமல் விலை உயர்ந்த டயரை வாங்கி மாட்டினால், பணம் போகும், இரைச்சல் அங்கேயே இருக்கும். எல்லாம் சரியாக இருந்து பெயருக்கு வந்தால், அப்போது பெயரும் கொஞ்சம் உதவும்.

காற்றடைத்த டயர் பிறந்ததற்கே சத்தம் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது கார் கிடையாது, குதிரை வண்டிதான். இழுக்கும் பளுவைக் குறைப்பது, ஓட்டத்தை இதமாக்குவது, சக்கரம் எழுப்பும் ஓசையைக் குறைப்பது என்று மூன்றையும் அவர் தன் நோக்கமாக எழுதிவைத்தார். 1888-ல் பெல்பாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று ரப்பர் குழாயில் காற்றடைத்து மாட்டிய கதை அதற்குப் பின்னால் வந்தது. சொகுசும் அமைதியும் டயருக்குப் பிற்காலத்தில் சேர்த்த ஆடம்பரங்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. அவற்றுக்காகத்தான் டயருக்குள் காற்றே வந்தது.

இந்த வடசென்னைக் கடலோரத்துக்கும் டயருக்கும் பழைய உறவு உண்டு. கே.எம். மாமன் மாப்பிள்ளை 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில். 1952-ல் தேய்ந்த டயருக்கு ஒட்டும் ட்ரெட் ரப்பர், பிறகு அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து டயர் என்று வளர்ந்ததுதான் எம்.ஆர்.எஃப். அனுப்பம்பட்டுக்கு வடமேற்கே, கும்மிடிப்பூண்டி பக்கம் தேர்வாய்க் கண்டிகையில் மிஷலின் ஆலை இருக்கிறது. லாரி, பஸ் ரேடியல் டயர்கள் செய்துவந்த அந்த ஆலையில் கார் டயரும் செய்யப்போவதாக 2024-ல் அந்த நிறுவனம் அறிவித்தது. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., சியட். இத்தனை ஆலைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, டயர் கடையில் போய் நின்றால் நாம் கேட்பது விலையை மட்டும்தான்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

கார் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஒரே சீராக ஓடத் தொடங்கியதும் இன்ஜின் சத்தத்தை டயர் சத்தம் முந்திவிடும். மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும். இன்ஜின் இரைச்சல் போனதும், இதுவரை அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த டயர் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் மின்சாரக் காருக்கென்று தனி டயர்கள் வந்திருக்கின்றன.

காருக்குள் கேட்பது ஒரே சத்தமில்லை. இரண்டு வேறு சத்தங்கள் கலந்து வருகின்றன.

முதலாவது காற்றில் வருவது. டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகளான பட்டன்கள் தரையில் வந்து அறைகின்றன. பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளங்களில் காற்று மாட்டிக்கொண்டு, நசுங்கி, பின்பக்கம் பீறிட்டு வெளியேறுகிறது. டயரும் தரையும் சந்திக்கும் இடம் குழலின் வாய் மாதிரி விரிந்திருப்பதால் அந்த ஓசை இன்னும் பெருத்துக் கேட்கிறது. இது ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில் உச்சம் கொள்ளும். “ஸ்ஸ்ஸ்” என்றும் “ஊ...” என்றும் கண்ணாடி வழியாக வருவது இதுதான். பட்டன்கள் எல்லாம் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். அதனால் நல்ல டயரில் பட்டன்களைப் பெரிது, சிறிது, நடுத்தரம் என்று வேண்டுமென்றே கலைத்து வைப்பார்கள். டயரைச் சுழற்றிக் கூர்ந்து பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இரண்டாவது இரும்பில் வருவது. சாலையின் சொரசொரப்பு டயரை உலுக்கி, ரிம், சஸ்பென்ஷன், அடித்தகடு வழியாக ஏறி, காருக்குள் “கும்ம்” என்று நிரம்பும். இது தாழ்ந்த ஸ்தாயி. கண்ணாடியை இறுக மூடினாலும் போகாது. டயருக்குள் வளையமாக அடைபட்டிருக்கும் காற்றுக்கும், மிருதங்கத்துக்கு இருப்பதுபோல் சொந்தமாக ஒரு நாதம் உண்டு. பெரும்பாலான கார் டயர்களில் அது 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது “டொய்ங்” என்று ஒரு மணிச் சத்தம் கேட்டால், அது இந்தக் காற்றின் குரல்.

இந்தப் பாகுபாடு ஏன் வேண்டும் என்றால், மருந்து வேறு வேறு. ஊளைக்கு மருந்து பட்டன் அமைப்பிலும் ரப்பர் மென்மையிலும் இருக்கிறது. கும்முக்கு மருந்து டயரின் உயரத்திலும் காற்றின் அளவிலும் இருக்கிறது. நீண்ட பயணத்தில் தலையைக் கனக்கச் செய்வது பெரும்பாலும் இரண்டாவது. டயர் கடைகளில் யாரும் பேசாததும் அதுதான்.

மூன்று எண்களில் இருக்கிறது சொகுசு

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 என்று அச்சிட்டிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயர்ந்திருக்கிறது என்பது. 15 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றில் நடுவில் இருக்கும் எண்தான் உங்கள் முதுகெலும்போடு நேரடியாகப் பேசுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னக் கார்களில் வழக்கமாகப் பார்க்கும் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வோம்: 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16. மூன்றின் வெளிவிட்டமும் ஏறத்தாழ ஒன்றே, சுமார் 62 சென்டிமீட்டர். ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் மெத்தையாக நிற்கும் பக்கச் சுவர் முதலாவதில் 132 மில்லிமீட்டர், இரண்டாவதில் 120, மூன்றாவதில் 107. ஒரே காரில் விலை குறைந்த மாடலுக்குச் சின்ன ரிம்மும், விலை கூடிய மாடலுக்குப் பெரிய ரிம்மும் கொடுக்கிறார்கள். அதிகப் பணம் கொடுத்தவருக்கு மெத்தை குறைவு. இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

ஆகவே அழகுக்காக ரிம்மைப் பெரிதாக்குவதை இந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் அழுத்தமாக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அகலமான டயர் அதிகக் காற்றை நசுக்கும், அதிக ஓசை எழுப்பும். குட்டைச் சுவர் அதிர்வை அப்படியே மேலே அனுப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழவேற்காடு ரோட்டிலும் துறைமுகச் சாலையிலும் பள்ளம் எது, தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. 107 மில்லிமீட்டர் சுவர் கொண்ட டயர் கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி உள்நூல் அறுந்துவிடும். மறுநாள் பக்கத்தில் முட்டைபோல வீக்கம் தள்ளியிருக்கும். அந்த டயரை ஒட்டவும் முடியாது, ஓட்டவும் கூடாது.

பெரிய ரிம்மோடு வந்த மாடலை வாங்கியவர்கள், அதே காரின் கீழ் மாடலுக்குக் கம்பெனி எந்த அளவு கொடுத்திருக்கிறது என்று கையேட்டில் பார்க்கலாம். பிரேக் உறுப்புகள் உள்ளே இடிக்காமல் பொருந்துமானால் அந்தச் சின்ன ரிம்முக்கு இறங்கிவருவதுதான் சொகுசுக்கான மிகச் சிறந்த மாற்றம். ஒரு பெயர்பெற்ற கம்பெனி டயரிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைவிட, சுவரை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்துவது உடம்புக்கு நன்றாகத் தெரியும்.

அளவுக்குப் பின்னால் வரும் 88ஹெச், 85டி போன்ற குறியீடுகளையும் கவனியுங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். ‘டி’ என்றால் 190 கிலோமீட்டர் வேகம், ‘ஹெச்’ 210, ‘வி’ 240. கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது. ஆனால் தேவையில்லாமல் மேலே போகவும் வேண்டாம். கூடுதல் சுமைக்கென்று ‘எக்ஸ்.எல்.’ முத்திரையோடு வரும் டயரின் உடம்பு முறுக்கேறியது, சொகுசு குறையும். பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்கள் அதைவிட விறைப்பானவை. எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் முரட்டுத் தோற்றத்துக்காக மாட்டும் ஆல்-டெரெய்ன் டயர் பற்றிக் கேட்கவே வேண்டாம். பெரிய பட்டன், அகலப் பள்ளம், தார் ரோட்டில் ஓயாத உறுமல். வாரந்தோறும் மணலிலும் சேற்றிலும் நிஜமாகவே இறங்குகிறவர்களுக்கு அது அவசியம். மற்றவர்களுக்கு அது காதுக்கு வைத்துக்கொண்ட செலவு.

காற்று: இலவசமாகக் கிடைக்கும் மெத்தை

கார்க் கதவைத் திறந்தால் ஓட்டுநர் பக்கத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊர்களில் ஓடும் சின்னக் கார்களுக்குப் பொதுவாக 30-லிருந்து 35 பி.எஸ்.ஐ.க்குள் இருக்கும். பெட்ரோல் பங்கில் போய், “எவ்வளவு சார்?” என்று கேட்கிற பையனிடம் “நாப்பது போடுப்பா, மைலேஜ் கிடைக்கும்” என்று சொல்கிற பழக்கம் இருக்கிறதே, நம் கார்களின் சொகுசைக் கெடுப்பதில் அதற்கு ஈடு கிடையாது. நாற்பதில் டயர் கல்லாகிவிடும். நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும். மழையில் பிடிமானமும் குறையும்.

இரைச்சல் என்று புலம்புகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் காற்றை அளந்து பார்ப்பது. ஓடிச் சூடான டயரில் அளந்தால் கணக்குத் தப்பும். டயருக்குள் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. ஏறிவிடும். சித்திரை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரில் 36 காட்டுகிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை அது குறைந்து நிற்கும். குறைந்த காற்றில் டயர் மென்மையாக இருக்கும் என்று நினைத்து வேண்டுமென்றே குறைப்பதும் ஆபத்து. பக்கச் சுவர் அதிகமாக மடங்கிச் சூடேறி வெடிக்க இதுதான் வழி. ஸ்டிக்கரில் உள்ள எண்தான் சரி. நைட்ரஜன் நிரப்பினால் சத்தம் குறையும் என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

கடலோரத்துக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உப்புக் காற்றும், மீன் வண்டிகளிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீரும் ரிம்மை அரிக்கும். இரும்பு ரிம்மில் துருவும், அலாய் ரிம்மில் வெள்ளைப் பொருக்கும், டயரின் ஓரம் வந்து உட்காரும் விளிம்பில் படியும். அங்கிருந்து காற்று மெதுவாகக் கசியும். ஆணி இருக்காது, பஞ்சர்க் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தாலும் சட்டென்று தெரியாது, ஆனால் வாரத்துக்கு வாரம் காற்று இறங்கும். டயரைக் கழற்றி, விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினால்தான் தீரும். குப்பங்களுக்குள் அடிக்கடி போய்வருகிறவர்கள் சக்கரத்தின் உள்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுவது வீண் வேலை ஆகாது.

புது டயர் தேவையே இல்லாத இரைச்சல்

டயர் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. உள்ளங்கையை டயரின் பட்டன்மேல் வைத்து, சக்கரம் சுழலும் திசையில் ஒரு தடவும், எதிர்த்திசையில் ஒரு தடவும் நீவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் ரம்பப் பல் தட்டினால், பட்டன்கள் சாய்வாகத் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம். பின் சக்கரங்களில் இது அதிகம். வேகம் ஏற ஏற ஹெலிகாப்டர் வருகிற மாதிரி ஓர் உறுமல் வரும். அலைன்மென்ட் தவறியிருப்பது, டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டியது இரண்டும் இதற்குக் காரணம். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றி வந்தால் இந்த நிலை வராது. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. அதை மாற்றாமல் புது டயர் போட்டால் அதுவும் சீக்கிரமே குழி விழும்.

டயர் சத்தமா, வீல் பேரிங் சத்தமா என்று குழம்புகிறவர்கள் நிறைய. வழவழப்பான புதுத் தார் ரோட்டிலிருந்து சொரசொரப்பான பழைய ரோட்டுக்கு மாறும்போது சத்தத்தின் குணம் மாறினால் அது டயர். சாலை எதுவானாலும் ஒரே உறுமல் இருந்து, வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் ஸ்டியரிங்கை லேசாக இடதுபுறம் திருப்பினால் பாரம் வலது சக்கரங்களுக்குப் போகும். அப்போது உறுமல் கூடினால் வலதுபக்கப் பேரிங். பேரிங்குக்கு ஆகிற செலவில் முடிய வேண்டியதற்கு நான்கு டயர் வாங்கியவர்கள் உண்டு.

வயதும் ஒரு விஷயம். பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிற கார்களில் பட்டன் புதுசாகவே இருக்கும். “பட்டன் நிறைய இருக்கு சார், இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்” என்று கடைக்காரரும் சொல்வார். ஆனால் வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியாது, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். இறுகிய ரப்பர் சத்தமும் போடும், ஈரத்தில் வழுக்கவும் செய்யும். ஆறு வருடத்தை நெருங்கிவிட்டால் பட்டனின் ஆழத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சரி, எந்த டயர்?

இத்தனையும் சரிபார்த்த பிறகு, புது டயர்தான் வேண்டும் என்று முடிவானால், கடையில் “சொகுசு டயர்” என்ற வகையைக் கேளுங்கள். ஒவ்வொரு கம்பெனியிலும் ஓட்ட வேகத்துக்கு ஒரு வரிசை, நீண்ட ஆயுளுக்கு ஒரு வரிசை, சொகுசுக்கு ஒரு வரிசை என்று உண்டு. மிஷலினில் பிரைமசி 4 எஸ்டி, கான்டினென்டலில் கம்ஃபர்ட் கான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, குட்இயரில் அஷ்யூரன்ஸ் கம்ஃபர்ட்ட்ரெட், எம்.ஆர்.எஃப்.பில் பெர்ஃபின்சா ஆகியவை அந்த மூன்றாவது வரிசையைச் சேர்ந்தவை. மெல்லிய கீறல்கள், கலைத்து வைத்த பட்டன்கள், மென்மையான ரப்பர் என்று இவற்றில் பொதுத்தன்மை இருக்கும். இதே கம்பெனிகளின் நீண்ட ஆயுள் டயரை எடுத்தால் ரப்பர் கடினம். அதிகம் ஓடும், அதிகம் பேசும். டாக்சி ஓட்டுபவருக்கு ஆயுள் பெரிது. அவர் கணக்கு வேறு, நியாயமும் கூட. சொந்தக் குடும்பத்தை ஏற்றிப் போகிறவர் ஆயுளில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஈரப் பிடிமானம். தண்ணீரை வெளியேற்ற ஆழமான, அகலமான பள்ளம் வேண்டும். அமைதிக்குக் குறுகலான பள்ளம் வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுபவை. வடகிழக்குப் பருவமழை முதலில் வந்து அடிக்கிற கடலோரம் இது. சத்தம் குறைவு என்பதற்காக மழையில் வழுக்கும் டயரை யாருக்கும் சொல்ல மனம் வராது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் வந்ததும் காட்டிக்கொடுக்கும் மேடுகள் பள்ளத்துக்குள் இருக்கும்; அது சட்டத்தின் எல்லை. மழைக்காலத்துக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுவது உத்தமம்.

டயரின் உட்புறத்தில் பாலியூரித்தேன் நுரை ஒட்டி வருகிற டயர்களும் உண்டு. முன்னே சொன்ன அந்த 200 ஹெர்ட்ஸ் நாதத்தை நுரை உறிஞ்சிக்கொள்ளும். கும்மைக் குறைக்க இது நிஜமாகவே வேலை செய்யும் ஏற்பாடு. ஆனால் விலை அதிகம். பஞ்சரானால் நுரையை அந்த இடத்தில் அறுத்தெடுத்துவிட்டுத்தான் உள்ளிருந்து ஒட்ட முடியும். அதைச் செய்யத் தெரிந்த கடை உங்கள் வழியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் ஒன்றாக மாற்ற வசதி இருந்தால் நல்லது. இரண்டு மட்டும் மாற்றினால் புதியவற்றைப் பின்னால் போடச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிகள். ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க அதுதான் பாதுகாப்பு.

எல்லா டயரையும்விட மலிவான ஒரு வழியும் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் டயர் ஓசை ஒன்பது டெசிபலுக்கு மேல் கூடும். அந்தக் கணக்கில் எண்பதிலிருந்து அறுபதுக்கு இறங்கினாலே ஏறக்குறைய நான்கு டெசிபல் குறைந்துவிடும். சுமாரான டயருக்கும் மிக நல்ல டயருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமே பெரும்பாலும் அவ்வளவுதான்.

வெளியே கேட்கிறவர்கள்

காருக்குள் இருப்பவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். சாலையோரத்தில் வீடு இருப்பவரைப் பற்றியும் பேச வேண்டும். இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளின் திண்ணை ரோட்டிலிருந்து நான்கடி தூரத்தில் இருக்கிறது. இரவு முழுக்க லாரிகள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் உறக்கமும் அந்த இரைச்சலுக்குள்தான்.

ஐரோப்பாவில் ஒவ்வொரு டயரோடும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிமானம், ஓசை என்று மூன்றும் அதில் உண்டு. ஓசைக்கு ஏ, பி, சி என்று தரமும் டெசிபல் எண்ணும் கொடுப்பார்கள். அந்த எண் காருக்குள் கேட்பது அல்ல, சாலையோரத்தில் கேட்பது. இன்ஜினை நிறுத்திவிட்டு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் மிதந்துபோகும்போது, பாதையின் நடுக்கோட்டிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து அளப்பது அந்த முறை. 185 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள கார் டயர் 70 டெசிபலைத் தாண்டக் கூடாது. மூன்று டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள்.

நம் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. ஏ.ஐ.எஸ். 142 என்ற தரநிர்ணயத்தின்படி உருளும் ஓசை, ஈரப் பிடிமானம், உருளும் தடை மூன்றையும் சோதிக்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் அறிவித்தது. புதிய வடிவங்களுக்கு அந்த ஆண்டு அக்டோபரிலிருந்தும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-லிருந்தும் அது பொருந்துகிறது. அதாவது, கடையில் அடுக்கி வைத்திருக்கும் டயர்களின் ஓசையை யாரோ ஓரிடத்தில் அளந்திருக்கிறார்கள். அந்த எண்ணை வாங்குகிறவர் கண்ணுக்குப் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. குளிர்சாதனப் பெட்டியில் நட்சத்திரத்தை எண்ணி வாங்கப் பழகிய மக்கள் நாம். டயரிலும் டெசிபலைப் பார்த்து வாங்குவோம்.

அதுவரை ஒரு சின்ன வழி இருக்கிறது. வெளிநாட்டுக்கும் போகும் டயர்களின் பக்கவாட்டில், வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும், பக்கத்தில் நீண்ட எண் வரிசையும் இருக்கும். அந்த வரிசையின் முடிவில் ‘எஸ்2’ இருந்தால் ஓசைச் சோதனையில் இரண்டாம் கட்ட வரம்புக்குள் அடங்கித் தேறியிருக்கிறது என்று அர்த்தம். ‘டபிள்யூ’ ஈரப் பிடிமானத்துக்கு, ‘ஆர்2’ உருளும் தடைக்கு. கைபேசி விளக்கை அடித்துத் தேடினால் கிடைக்கும்.

வாங்கிய நாளில் கடையை விட்டுச் சட்டென்று கிளம்பிவிட வேண்டாம். செய்த தேதியைப் பாருங்கள். ஒரு பக்கம் ‘அவுட்சைடு’ என்று எழுதியிருந்தால் அது வெளியே தெரிகிறதா, அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிச் சுழல்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பாருங்கள். அவசரத்தில் மாற்றிப் பூட்டுவது நடக்கிற காரியம்தான், சத்தமும் கூடும். பேலன்சிங் மெஷின் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டிய பிறகு மாட்டச் சொல்லுங்கள். அலைன்மென்ட் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக, காற்றுக் குழாயைக் கையில் வைத்திருக்கும் தம்பி நாற்பதை நோக்கிப் போவதற்கு முன், கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைக் காட்டுங்கள். புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்புப் போக முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை பிரேக்கில் நிதானம் வேண்டும். சத்தம் எவ்வளவு குறைந்தது என்பதையும் அதற்குப் பிறகு, நீங்கள் தினமும் போகிற அதே ரோட்டில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.